பரமத்தி வேலூர்த் தோப்பில் குடித்த நான்கு சொம்பு

இன்றைக்கு நினைத்தாலும் கோபம் அடங்கவில்லை. எண்பதுகளின் தொடக்கம், கள்ளுக்கடைகள் திறந்திருந்த காலம். கப்பலில் வேலை பார்த்த என் மனைவியின் அண்ணன், பொங்கல் விடுமுறைக்கு சேலம் அம்மாபேட்டையில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். மூன்று நாளாக ஒரே பாட்டு. பிரான்சில் போர்டோ என்று ஓர் ஊராம், ஒயினுக்கு உலகப் புகழாம், கோப்பையை மோந்ததுமே எந்தத் தோட்டத்துத் திராட்சை என்று இவர் சொல்லிவிடுவாராம். "உங்க ஊர்ல மோந்து பார்க்க என்ன இருக்கு மாப்ளே, சாயத்தொட்டியா?" என்றார். என் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டே!

விடுவேனா? "ரோமாபுரி ராஜாவே நம்ம பரமத்தி வேலூர்க் கள்ளைக் கப்பல் வச்சு வரவழைச்சான் மச்சான். நாளைக்குக் கிளம்புங்க. ஒரு வாய் குடிச்சதும் எந்த மரம், எந்தப் பாளைன்னு நான் சொல்றேன்" என்றேன். (சரித்திரப் புத்தகத்தில் இது இல்லையென்றால் குறை புத்தகத்தில்.)

காலை நாலரை மணிக்கு சேலத்தில் பஸ். எழுபத்தைந்து கிலோமீட்டர், ஆளுக்கு ஐந்து ரூபாய். நாமக்கல்லில் டீ குடிக்க இறங்கிய டிரைவர் அரை மணி நேரம் திரும்பவில்லை. நான் போட்ட சத்தத்தில் மலைக்கோட்டையே ஆடியது. ஏழேகாலுக்கு வேலூர். அங்கிருந்து வெற்றிலைக் கொடிக்கால் வழியாக இரண்டு கிலோமீட்டர் நடந்தால் ஆற்றோரத் தென்னந்தோப்பு.

பழனி என்ற மரமேறி அப்போதுதான் இறங்கினார். கள் கேட்டேன். "கள்ளு கடைக்குத்தானுங்க போவோணும். மரத்தடில ஊத்துனா பர்மிட்டப் புடுங்கிருவாங்க சாமி" என்றார்.

கடையில் தண்ணீர் கலப்பார்கள், எனக்கு மரத்தடிச் சரக்குதான் வேண்டும் என்று கால் மணி நேரம் கத்தினேன். அவர் பெருமூச்சு விட்டு வேறொரு கலயத்திலிருந்து ஊற்றினார். "குடிங்க சாமி."

சொம்பு ஒரு ரூபாய். முதல் வாயிலேயே கண்ணை மூடிச் சொன்னேன்: "ஆத்தோரத்து மரம், மூணாம் பாளை, நல்ல புளிப்பு!" நான்காவது சொம்பில் தோப்பே சுற்றியது.

"இனிக்குதே மாப்ளே?"

"உங்க நாக்கைக் கப்பல் உப்பு அரிச்சிருச்சு, பேசாம குடிங்க."

அப்போது சைக்கிளில் ஒரு கலால் அதிகாரி வந்து இறங்கினார். "மரத்தடி வியாபாரமா?"

"தெளுவுங்கய்யா" என்றார் பழனி. பதநீருக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். "சுண்ணாம்புக் கலயம், புளிக்காதது. இத விக்கத் தடையில்லீங்களே."

எனக்கு எப்படி இருக்கும்? "தெளுவா? கள்ளுய்யா இது! எனக்குத் தலை சுத்துது!" என்று பாய்ந்தேன்.

அதிகாரி சந்தோஷமாகத் தாளையும் பேனாவையும் நீட்டினார். "அதையே எழுதிக் கையெழுத்துப் போடுங்க. இவன் பர்மிட் இன்னைக்கே காலி."

பேனாவை வாங்கிவிட்டேன். பழனியின் முகம் சுண்டிப்போயிற்று. "ஏனுங்க சாமி, ஒரு வேளை சீவாம உட்டாலே பாளை அடைச்சுக்குமுங்க. பர்மிட் போனா அத்தனை மரமும் போச்சு. ஊட்டுல நாலு சீவனுங்க" என்று கலயத்தை என் மூக்குக்கு நேரே சாய்த்துக் காட்டினார். உள்ளே சுவருக்கு அடித்ததுபோல் சுண்ணாம்பு. சுண்ணாம்பு இருந்தால் புளிக்காது என்பது எங்கள் ஜில்லாவில் கைக்குழந்தைக்கும் தெரியும்.

ஏமாற்றிவிட்டானே என்று பொங்கினேன். பொங்கிய பிறகுதான் உறைத்தது: அந்த மனிதர் 'குடிங்க' என்றுதான் சொன்னார். கள் என்று பெயர் வைத்தவன் நான். அதில் கோபம் இரண்டு மடங்காயிற்று. கள் என்று எழுதினால் அவர் பிழைப்புப் போச்சு. தெளுவு என்று எழுதினால் மச்சான் முன்னால் என் மானம் போச்சு. மச்சான் வேறு பின்னால் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார்.

'நான் குடித்தது தெளுவு' என்று சினிமா போஸ்டர் எழுத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதிகாரி தாளைக் கசக்கி எறிந்துவிட்டு, என்னைப் பைத்தியம் என்று சொல்லி சைக்கிளை மிதித்தார். நான் சொன்ன பதிலை இங்கே அச்சிட முடியாது. பழனி அதற்குள் அடுத்த மரத்தில் பாதி ஏறிவிட்டார். ஒரு நன்றி கிடையாது!

"அப்ப அந்தத் தலைசுத்து, மாப்ளே?"

"வெயிலு!" என்றேன். தை மாதம், காலை எட்டரை மணி.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன். நாலரை பஸ்ஸைப் பிடியுங்கள். கொடிக்கால் சேற்றுக்குத் தோல் செருப்பு ஆகாது. தோப்பில் வாயைத் திறக்குமுன் கலயத்துக்குள் எட்டிப் பாருங்கள். மச்சானை மட்டும் கூட்டிப் போகாதீர்கள். என் மச்சான் இதைப் பதினொரு கல்யாணத்தில் சொல்லிவிட்டார். ஒவ்வொரு பந்தியிலும் நான் எழுந்து, "ஆமாய்யா, தெளுவுதான்!" என்று கத்திவிட்டுத்தான் இலையில் கை வைக்கிறேன்.