போதகர் நல்லா பேசுவாரு

கொரோனா ஓய்ந்த மறு வருஷம், தக்கலைக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் நடந்தது இது. நான் வீட்டிலேயே தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைப்பவள். என் வாயும் அந்த மிஷின் மாதிரிதான், ஓட ஆரம்பித்தால் நிற்காது.

இலங்கையில் விலைவாசி தாங்காமல் படகேறி வந்த ஒரு குடும்பம் அகதிகள் முகாமில் இருந்தது. கணவன், மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள். எங்கள் போதகர் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி அனுமதி வாங்கி, ஆலயத்துக்குச் சொந்தமான காலி வீட்டில் அவர்களைக் குடிவைத்தார். என் வீட்டுக்கு அடுத்த வீடு. சபையார் ஆளுக்கொரு சாமான் கொண்டுவந்தோம். யாரும் யாரிடமும் கேட்டுக்கொள்ளாததால் புட்டுக்குழல் மட்டும் ஐந்து சேர்ந்துவிட்டது; குழம்பு கிண்ட ஒரு கரண்டி இல்லை. "புட்டுக்கடை போட்டிரலாம் மக்கா" என்று நான் சொன்னதும் அந்தப் பிள்ளைகளின் அம்மா சிரித்தாள். அவள் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அந்தச் சனிக்கிழமை போதகர் போன் செய்து, மறுநாள் அவர்களைச் சபைக்கு அறிமுகம் செய்யப்போவதாகச் சொன்னார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மதிலுக்கு இந்தப் பக்கம் நின்றே கூவினேன்.

"ஏட்டி, நாளைக்கு நேரத்தே வந்து முன் பெஞ்சுல இருக்கணும். போதகரு சபைக்கு முன்னால உங்க காரியம் பேசப் போறாரு. அவரு பேசுனா நல்லா பேசுவாரு, கேட்டியா!"

"எதுக்கு அக்கா?"

"எதுக்கா? எல்லாரும் கேக்கட்டும்ணுதான்!"

அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. கூச்சமாக்கும் என்று நினைத்து, அடுப்பில் பால் வைத்த ஞாபகத்தில் உள்ளே ஓடிவிட்டேன்.

காலையில் பிள்ளைகளுக்குப் பிச்சிப்பூ எடுத்துக்கொண்டு போனால், வாசலில் பைகள் கட்டித் தயாராக இருக்கின்றன. வீடு துடைத்துக் கிடக்கிறது. ஐந்து புட்டுக்குழலையும் கழுவி வரிசையாக வைத்திருக்கிறார்கள். ஆட்டோவுக்குச் சொல்லியாயிற்றாம்.

"முகாமுக்கே திரும்பிப் போறம் அக்கா" என்றாள். கண் சிவந்திருந்தது. "என்ன பிழை விட்டம் எண்டு தெரியேல்ல. சனத்துக்கு முன்னால, பிள்ளையள் பாக்கப் பேச்சு வாங்கேலாது."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "பேசுனா என்னட்டி? பேசத்தானே செய்வாரு!" என்றேன். அவ்வளவுதான், அழுகை இன்னும் கூடிவிட்டது.

அவள் கணவர்தான் என்னை உற்றுப் பார்த்தார். "அக்கா, அவர் எங்களை ஏசப் போறாரோ, எங்களைப் பற்றிக் கதைக்கப் போறாரோ?"

"ஏசவா! ஐயோ, நீங்க வந்ததுல எங்களுக்குச் சந்தோசம்ணு சொல்லப் போறாருப்பா. கதைக்க, கதைக்க!"

அவர்கள் ஊரில் 'பேசுவது' என்றால் திட்டுவதாம். நாம் பேசுவதை அவர்கள் 'கதைப்பது' என்பார்களாம்! விஷயம் விளங்கியதும் அவள் அழுதுகொண்டே சிரித்தாள். நானும் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தேன். அதற்குள் ஆட்டோ வந்துவிட்டது.

"முகாமுக்குத்தானே?" என்றான் டிரைவர்.

"போடே, சர்ச்சுக்கு விடு. பையெல்லாம் இங்கயே கிடக்கட்டும்" என்று நானே முதலில் ஏறி உட்கார்ந்தேன்.

ஆலயத்துக்குள் நுழையும் முன்பே போதகரிடம் நடந்ததைச் சொல்லிவிட்டேன். அறிமுகம் செய்யும் நேரம் வந்தது. அவர் எழுந்து, "இன்னைக்கு நான் பேசப் போறதில்லை. கொஞ்சம் கதைக்கப் போறேன்" என்றார். சபை முழுக்க விழித்தது. முன் பெஞ்சு மட்டும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது.

'எதுக்கு அக்கா' என்று ஒருமுறை கேட்டவள், மறுமுறை கேட்கத் துணியாமல் பையைக் கட்டினாளே, அதுதான் இன்றும் என் மனதில் நிற்கிறது. வீடும் பாத்திரமும் கொடுத்த எங்களுக்கு, எங்களிடம் எதையும் கேட்கலாம் என்ற தைரியத்தைக் கொடுக்கத் தோன்றவில்லை. இப்போது அந்தக் கவலை இல்லை. ஜாக்கெட்டின் கை கொஞ்சம் இறுகிப்போனாலும் மதிலுக்கு மேலே எட்டி என்னை ஒரு பிடி பிடிக்கிறாள். அவளிடம் அப்படிப் பேச்சு வாங்கும்போதெல்லாம், இவள் இனி எங்கள் ஊர்க்காரி என்று என் மனம் நிறைந்துவிடுகிறது.