மட்டையில் தட்டிப் பழகிய தேவன்

இல்லை, தேவன் பயமில்லாதவன் இல்லை. செத்தவீட்டில் பலரும் அப்படித்தான் சொன்னீர்கள். அவனுடைய அம்மாகூட என் கையைப் பிடித்து, "அவன் ஒண்டுக்கும் பயப்பிடாதவன் எல்லோ தம்பி?" என்று கேட்டார். நான் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். அவனைத் தெரிந்த உங்களுக்கு இந்த நினைவு மலரிலாவது சரியானதைச் சொல்லவேண்டும்.

செய்தி வந்தபோது நான் பருத்தித்துறையில் பஸ்சுக்கு நின்றேன். தெரிந்த ஒருவர் சைக்கிளை நிறுத்தி, "தேவன் முடிஞ்சுதாம். நெருப்புக்காய்ச்சல்" என்றார். "விசர்க் கதை கதையாதேங்கோ" என்று அவருடைய சேட்டுக் கொலரைப் பிடித்துவிட்டேன். பிறகுதான் கையை எடுத்தேன்.

நாங்கள் இரண்டு பேரும் பொறியியல் படிக்கத் தெற்கே கம்பசுக்கு ஒன்றாகப் போனவர்கள். எனக்கு ஓரிடத்தில் குந்தியிருக்கப் பொறுமை இல்லை, முதல் வருடத்தோடு விட்டேன். தேவன் விடவில்லை. விடுமுறைக்கு ஊருக்கு வந்த நேரம் சண்டை தொடங்கிப் பாதை பூட்டியதால் இங்கேயே நின்றுவிட்டான். மயிலிட்டி வீட்டை விட்டு எழும்பி, குடும்பம் முழுக்கக் கொழும்புத்துறையில் ஒரு கொட்டிலில். தகப்பனின் வள்ளம் மயிலிட்டிக் கரையிலேயே கிடந்தது. அப்போதுதான் ஒரு நிவாரண அலுவலகம், இடம்பெயர்ந்தவர்களின் விபரங்களைக் கொம்பியூட்டரில் ஏற்றுவதற்குப் புரோகிராம் எழுத ஆள் தேடியது. தேவன் வீட்டில் உலை வைக்க அந்த வேலை கிடைத்தே ஆகவேண்டும்.

கரண்ட் இல்லாத ஊரில் கொம்பியூட்டருக்கு எங்கே போவது? கம்பசில் சில நாள் தொட்டதோடு சரி. பிஸ்கற் பெட்டி மட்டையை வெட்டி, அதில் கீபோட் கீறினான். எழுத்துகளைத் தட்டச்சு வகுப்பில் பார்த்துக் கீறினான். தட்டச்சு இயந்திரத்தில் இல்லாத, நெளிவான அடைப்புக்குறி போன்றவற்றை நினைவிலிருந்து போட்டான். பிறகு கண்ணை மூடிக்கொண்டு அதில் தட்டுவான்.

"என்ன மச்சான், மட்டை ஏதும் மறுமொழி சொல்லுதோ?"

"சொல்லும். நீ வாயை மூடினால் கேக்கும்."

நேர்முகத்துக்கு என் சைக்கிள் பாரில் குந்திக்கொண்டு வந்தான். வழி முழுக்க ஒரே கேள்வி.

"எவ்வளவு காலம் கொம்பியூட்டர் பாவிச்சனீர் எண்டு கேட்டால்?"

"ரெண்டு வருசம் எண்டு சொல்லு."

"பிடிச்சுப்போட்டால்?"

"ஆர் பிடிக்கிறது? சும்மா இரடா."

 கொஞ்சத் தூரம் போனதும், "நிப்பாட்டு" என்று இறங்கி வேலிக்கரையில் சத்தி எடுத்தான். வாயைத் துடைத்துக்கொண்டு, "சரி, உழக்கு" என்று திரும்பவும் பாரில் ஏறினான்.

அலுவலகத்தில் மண்ணெண்ணெயில் ஓடும் ஜெனரேற்றர். ஒவ்வொருவருக்கும் கொஞ்சம் அளந்து ஊற்றுவார்கள், அது முடிந்தால் அவருடைய நேர்முகமும் முடிந்தது. நான் ஜன்னலுக்கு வெளியே ஜெனரேற்றருக்குப் பக்கத்தில் நின்றேன். பொறுப்பாக இருந்த ஐயா, எவ்வளவு காலம் பாவித்தீர் என்று கேட்டார். நான் சொல்லிக்கொடுத்தபடியே தேவன், "ரெண்டு வருசம்" என்றான்.

பிறகு தட்டத் தொடங்கினான். விரல்கள் பறந்தன. ஆனால் அடைப்புக்குறி வரவேண்டிய இடமெல்லாம் வேறு எதுவோ விழுந்தது. மட்டையில் அவற்றைப் பிழையான இடத்தில் கீறியிருக்கிறான், விரல்கள் அந்தப் பிழையை நன்றாகப் பழகிவிட்டன. அழித்தான், தட்டினான், மறுபடியும் அதே. ஜெனரேற்றர் இருமத் தொடங்கியது. 

தேவன் கைகளை எடுத்து மடியில் வைத்தான்.

"ஐயா, ரெண்டு வருசம் எண்டது பொய். மட்டையிலை கீறித்தான் பழகினனான். குறியள் இடம் மாறிப்போச்சு."

ஐயா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப இவ்வளவு வேகமும் மட்டையிலை வந்ததோ?"

"ஓம் ஐயா."

"இனி என்ன செய்யப்போறீர்?"

"ஒரு விரலாலை பாத்துப் பாத்து அடிக்கிறன். எண்ணெய் அதுவரைக்கும் காணுமோ தெரியேல்லை."

ஐயா ஜன்னலால் என்னைப் பார்த்தார். "தம்பி, சும்மாதானே நிக்கிறீர். உந்த ஜெனரேற்றருக்குள்ளை இன்னும் கொஞ்சம் எண்ணெய் விடும்."

நான் ஊற்றினேன். தேவன் ஒற்றை விரலால் அடித்து முடித்தான். புரோகிராம் ஓடியது. அடுத்த கிழமை வேலைக்கு வரச்சொன்னார்கள்.

திரும்பும்போது, "ஏன்ரா உண்மையைச் சொன்னனீ? கிடைக்கிற வேலையும் போயிருக்கும்" என்று ஏசினேன். அவன் சொன்னான்: "பொய்யையும் தலையிலை காவிக்கொண்டு குறியையும் தேட ஏலாது மச்சான்."

காய்ச்சலில் படுக்கும்வரை அங்கேதான் வேலை செய்தான். அந்த வேலையில்தான் குடும்பம் சாப்பிட்டது. இப்போது அவனுடைய இடத்துக்கு ஐயா என்னை நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார். தேவனின் அம்மாவிடம் போய்ச் சொன்னேன்.  "போ தம்பி. தொடங்கின வேலை குறையிலை கிடக்கக் கூடாது" என்றார்.

முதல் வருடத்தோடு ஓடிவந்தவனுக்கு என்ன தெரியும்? தேவனிடமிருந்து என்னிடம் இருப்பது, பயத்தோடேயே, ஏலாததை ஒளிக்காமல் சொல்லிவிட்டுத் தொடங்குகிற அந்தக் குணம் மட்டும்தான். அதுகூட ஒட்டியிருக்கிறதா என்று இன்றைக்கு நேர்முகத்தில்தான் தெரியும். எழுதுகிற கை வேர்த்துப் பேப்பர் நனைகிறது. நேரமாகிவிட்டது, நான் போகவேண்டும்.