வலிக்காமல் ட்ரிப்ஸ் போடும் போட்டி

ட்ரிப்ஸ் போடும் சிஸ்டருக்கு நல்ல பேர் கிடைப்பது நரம்பு கிடைப்பதைவிடக் கஷ்டம். இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்ட உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாபநாசத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எனக்கு அந்தப் பேர் இருந்தது. கைராசிக்கார சிஸ்டர் எங்கே என்று கேட்டுத்தான் வருவார்கள். எல்லாம் புனிதா வேலைக்குச் சேரும்வரை.

ஐஸ்கட்டி

என் முறை ஐஸ்கட்டி. துணியில் சுற்றிக் கையில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டுக் குத்துவேன். புனிதா வந்ததும் வராததுமாக, மரத்துப்போகும் களிம்பு வேண்டுமென்று டாக்டரிடம் கேட்டாள். அவரும் உடனே வாங்கிக் கொடுத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. களிம்பு தடவி அவள் குத்திய முதல் ஆள், வழக்கமாக என்னைத் தேடி வரும் அரிசி மில்காரர். போகும்போது என்னிடமே சொன்னார்: “ஒங்க ஐஸுல கை வெறச்சுப் போவும்மா. இந்தப் பொண்ணு குத்துனதே தெரியல.”

களிம்பு

களிம்பைத் தடிப்பாக அப்பி, மேலே பிளாஸ்டிக் ஒட்டி, ஒரு மணி நேரம் தொடாமல் விட வேண்டும். நடவுக்குப் போய்க் காய்ச்சலோடு வந்த ஓர் அம்மாவுக்குப் புனிதா அப்படி அப்பிவிட்டுப் போனாள். திரும்பி வந்து ஊசியை வைத்ததும் அந்த அம்மா போட்ட கூச்சல் வாசல்வரை கேட்டது. எனக்குப் பாயசம் குடித்த மாதிரி இருந்தது. களிம்பு எங்கே என்று கேட்டதற்கு அந்த அம்மா சொன்னது: “தைலமுன்னு நெனச்சு எடுத்து ரெண்டு முட்டியிலயும் தேச்சுக்கிட்டேம்மா. முட்டி இப்பத் தேவலாம்.”

ஸ்ப்ரே

அடுத்து குளிர் ஸ்ப்ரே வந்தது. அடித்த கையோடு குத்தலாம். இந்தத் தடவை நான் முந்திக்கொண்டு பாட்டிலை என் டிராயரில் வைத்துக்கொண்டேன். அந்தச் சமயம் குத்தகைத் தகராறில் அடிபட்டு, மிராசுதாரும் அவருடைய குத்தகைக்காரரும் அடுத்தடுத்த கட்டிலுக்கு வந்து சேர்ந்தார்கள். மிராசுதாருக்கு நான் ஸ்ப்ரே அடித்துக் குத்தினேன். சில்லென்று பட்டதில் கையை உதறிவிட்டார். குத்தகைக்காரருக்குப் புனிதா ஒன்றும் போடாமல், நாற்றங்கால் நிலவரம் விசாரித்துக்கொண்டே வேலையை முடித்தாள். அவர் முகம்கூடச் சுளிக்கவில்லை. மிராசுதார் என்னைப் பார்த்தார்: “நெலத்தத்தான் அவன் விட மாட்டேங்குறான். நல்ல சிஸ்டரையும் அவனுக்கே குடுத்துட்டீங்களா?”

என் கை

போன மழைக்கு எனக்கே காய்ச்சல். டூட்டியில் இருந்தது புனிதா மட்டும். ஐஸா, களிம்பா, ஸ்ப்ரேயா என்று கேட்டாள். எதுவும் வேண்டாம் என்றேன். வலித்தால் நாலு பேரிடம் சொல்லலாமே என்ற ஆசை. கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். அவள் குரல்தான் கேட்டது: “அக்கா, ட்ரிப்ஸ் பாதி எறங்கிடுச்சு. பல்லக் கடிக்கிறத விடுங்க.”

கைக்கு மூன்று விதமாக மருந்து வந்துவிட்டது, இந்த வயிற்றெரிச்சலுக்குத்தான் ஒன்றும் வரக் காணோம்.