பிரிசில்லா தூங்கிய ஒன்றரை மணி நேரம்

எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் பிரிசில்லா முதலில் கேட்பது தண்ணீர்தான். தாகத்துக்கு அல்ல. "தண்ணி குடுக்கற வூடு கொஞ்சமாச்சும் வாயத் தொறக்கும் சார்." படாளம் பக்கம் ஒரு வீட்டில், எந்த ஊர், எந்தத் தெரு என்று விசாரித்த பிறகு பேப்பர் கப்பில் கொடுத்தார்கள். அதையும் குடித்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்கினார்.

வயது நாற்பத்து நான்கு. செங்கல்பட்டு மாவட்டத்தில் குழந்தைகள் பாதுகாப்புக்கான சமூகப் பணியாளர்; பதினோரு வருடமாக ஒப்பந்தம்தான். ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் ஒரு புது நைட்டி, நாப்கின், பிஸ்கட் பொட்டலம் எப்போதும் இருக்கும். ஒரு பெண்ணை மீட்டுக் கூட்டிவரும்போது கடை தேடிக்கொண்டிருக்க முடியாது. தூக்கமே இல்லையாமே என்று கேட்டேன். "அது இன்னா சார், பி.பி. மாதிரி கூடவே கீது" என்றார்.

சதுரங்கப்பட்டினத்தில் பதினைந்து வயது அனுவுக்கு நடக்கவிருந்த கல்யாணத்தைச் சித்திரையில் தடுத்தவர் அவர். பதினெட்டு வயதுவரை கல்யாணம் செய்துவைக்க மாட்டேன் என்று தாயிடம் எழுதி வாங்கிக்கொண்டு, அனுவிடம் தன் சொந்த எண்ணைக் கொடுத்தார். "எப்போ வேணா அடி. நான் எடுப்பேன்."

ஆவணியில் மாமல்லபுரத்து விடுதி ஒன்றில் பணியாளர் நலப் பயிற்சி. பயிற்சியாளர் சரவணகுமார் நல்ல மனிதர். "இன்னைக்கு ஒரு நாளாவது உங்களுக்காக இருங்க" என்று சொல்லி, எல்லாருடைய போனையும் சத்தமில்லாமல் வைத்து ஒரு கூடையில் போடச் சொன்னார். பிறகு கண்ணை மூடச் சொன்னார். பிரிசில்லா நாற்காலியிலேயே தூங்கிப்போனார். ஒன்றரை மணி நேரம். பாவம், தூங்கட்டும் என்று யாரும் எழுப்பவில்லை.

சாப்பாட்டு வேளையில் போனை எடுத்துப் பார்த்தால், அனுவிடமிருந்து ஏழு அழைப்புகள். திரும்ப அடித்தார்; அந்தப் போனை அணைத்து வைத்திருந்தார்கள். போலீசுக்குச் சொல்லிவிட்டு ஸ்கூட்டரில் விரைந்தார். வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டுத் தனகோடி வெளியே வந்தாள். "பன்னெண்டு மணிக்கே வேன்ல ஏத்திகினு பூட்டாங்கம்மா. பொண்ணு போட்ட கூச்சல் தெருவுக்கே கேட்டுது."

மூன்றாம் நாள் கண்டுபிடித்தபோது அனுவின் கழுத்தில் தாலி இருந்தது. காப்பகத்து வாசலில் இறங்கியபோது கேட்டாள்: "எடுப்பேன்னு சொன்னீங்களே, மேடம்?"

"நான் தூங்கிகினு இருந்தேன்னு அதுகிட்ட எப்டி சார் சொல்றது?" என்றார் பிரிசில்லா என்னிடம்.

அவருடைய அலுவலகத்தில் நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது, உடன் வேலை பார்க்கும் ரெஜினா ஒரு தாளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பயிற்சி பற்றிய கருத்துப் படிவம். "எல்லாத்துக்கும் நல்லாருந்துச்சுன்னு போட்டுக் குடுங்கக்கா, இன்னிக்கே அனுப்பணுமாம்."

பிரிசில்லா மளமளவென்று நிரப்பிக்கொண்டு வந்தவர், கடைசிக் கேள்வியில் நின்றார். 'பயிற்சியின்போது தங்களுக்கு ஏதேனும் இடையூறு ஏற்பட்டதா?' அதை இரண்டு முறை படித்தார். 'இல்லை' என்று எழுதி, கையெழுத்துப் போட்டார்.