சாக்ஸ் மாட்டிய புட்டிகள்

மூக்கி என்ற பெயரை நான் முதலில் கேட்டது என் தங்கை வீட்டுச் சமையலறையில். தங்கை அடுப்பை அணைத்துவிட்டு அழுதுகொண்டிருந்தாள். லிஃப்ட் பழுதுபார்க்கும் அவள் மகன், தனக்குத்தானே பெண் பார்த்துவிட்டானாம்.

"இதுக்கு ஏன்டி அழுவுற?"

"ஒயின் குடிக்கிறதுதான் அவளுக்கு வேலையாம் அக்கா. வேலை பாக்குற இடத்துல எல்லாரும் மூக்கின்னு கூப்பிடுறாங்களாம்."

"குடிக்க மாட்டாம்மா, துப்பிடுவா," என்றான் மகன்.

"கேட்டியா, துப்புவாளாம்! அதுக்கு முழுங்கியே தொலைக்கலாம்!"

மருமகளாக வந்தவள் ஒல்லியான, அதிர்ந்து பேசாத பெண். ஒயின் இறக்குமதி செய்யும் கம்பெனியில், எந்த நாட்டுச் சரக்கை வாங்கலாம் என்று மோந்தும் ருசித்தும் சொல்வது அவள் உத்தியோகம். முகத்துக்குப் பவுடர் இல்லை, வாசனை சோப்பு இல்லை. தங்கை வெங்காயம் வதக்கினால் மாடிக்கு ஓடிவிடுவாள்.

ஒருநாள் என் முன்னால் இரண்டு கிளாஸ் வைத்தாள்.

"ரெண்டும் ஒரே திராட்சைதான் பெரியத்தை. இது பிரான்ஸ்ல விளைஞ்சது, இது ஆஸ்திரேலியா."

மோந்து பார்த்தேன். ஒன்றில் மழை நனைத்த சுண்ணாம்புச் சுவரின் வாசம். மற்றதில் பழுத்த அன்னாசி. எங்கள் வீட்டுக் கதைதான் நினைவுக்கு வந்தது. நாங்கள் அக்கா தங்கை மூன்று பேர். வியாபாரி வீட்டுக்கு வாக்கப்பட்ட நான் கறாராகிப் போனேன். வாத்தியார் வீட்டுக்குப் போன நடுவுள்ளவள் வாயைத் திறப்பதையே மறந்தாள். கடைக்குட்டி இவளோ எதற்கெடுத்தாலும் அழுவாள். திராட்சைக்கும் புகுந்த வீடு உண்டு என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

பிறகு மூக்கிக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, போகும்போது அவள் மூக்கின் மோப்பத்தையும் வாரிக்கொண்டு போனது. மாதங்கள் ஓடின. அடுத்த சரக்குக் கப்பல் வருவதற்குள் மூக்கு திரும்பாவிட்டால் வேறு ஆளைப் போடுவோம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். வேறு வேலை தெரியாதவள். வேறு வேலையில் ஆசையும் இல்லாதவள்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் வீட்டில் பயிற்சி. ஒட்டியிருக்கும் பெயர் தெரியாதபடி புட்டிகளுக்குப் பழைய சாக்ஸ் மாட்டுவதும், கிளாஸில் ஊற்றுவதும் என் பொறுப்பு. மற்றவர்கள் பெயரைப் படித்துவிட்டு முகத்தில் காட்டிக்கொடுத்துவிடுவார்களாம். அந்த எழுத்து எனக்கு ஒரு மண்ணும் விளங்காது. படிக்காததற்கு எனக்குக் கிடைத்த ஒரே பதவி இதுதான்.

வாராவாரம் மோந்துவிட்டு ஒன்றையே சொல்வாள்: "ஒண்ணுமில்ல பெரியத்தை. வெறும் தண்ணி."

கப்பல் நெருங்கிய ஒரு ஞாயிறு, மூன்றாவது கிளாஸில் அவள் கை நின்றது. கண் விரிந்தது.

"ஜெர்மனி! ரீஸ்லிங்னு ஒரு திராட்சை. அந்த ஒயின் பழசானா லேசா மண்ணெண்ணெய் அடிக்கும். அடிக்குது பெரியத்தை!"

புருஷன்காரன் பாய்ந்து சாக்ஸை உருவினான். படித்தான். முகம் செத்துப்போனது.

"சிலி நாடு. போன வருஷத்து சரக்கு. திராட்சையும் வேற."

அவள் கிளாஸை மெல்லக் கீழே வைத்தாள். இல்லாத வாசனையை மூக்கே கற்பனை செய்துகொள்ளக்கூடும் என்று டாக்டர் முன்பே பயமுறுத்தியிருந்தார்.

"இல்லாததெல்லாம் மோந்துட்டு எப்படி நாலு பேருக்கு சரக்கு வாங்கிக் குடுக்கிறது? நாளைக்கே போய், முடியலன்னு சொல்லிடுறேன்."

அத்தனை வருடத்தில் ஒயின் கிளாஸைத் தொட்டறியாத என் தங்கை அதை எடுத்து மோந்தாள். முகத்தைச் சுளித்தாள்.

"மண்ணெண்ணெயாவது ஜெர்மனியாவது! இது அந்துருண்டை நாத்தம்டி!"

"அந்துருண்டை எப்படிம்மா ஒயின்ல வரும்?"

"இந்த ஒரு கிளாஸ்ல மட்டும் திட்டுத் திட்டா தண்ணிக் கறை. பளபளன்னு இருக்கட்டுமேன்னு துணிப்பெட்டியில இருந்து புதுத் துண்டு எடுத்துத் துடைச்சேன்."

 மூக்கி என் கையைப் பிடித்தாள். 

"அப்போ அது நிஜமாவே இருந்த வாசனை. பெரியத்தை, கிளாஸையெல்லாம் மாத்தி வைங்க."

கண்ணை மூடிக்கொண்டாள். மாற்றி வைத்தேன். சரியாக அந்தக் கிளாஸை எடுத்தாள். மறுபடி மாற்றினேன். மறுபடியும் அதே கிளாஸ். 

"அந்துருண்டைக்குப் பின்னால வேற ஒண்ணு இருக்கு," என்றாள் கண்ணைத் திறக்காமல். "எலுமிச்சைத் தோல் மாதிரி. ரொம்ப தூரத்துல. ஆனா இருக்கு."

எங்களுக்குத் தெரிந்தது ஒரு மேசைதான். அவளுக்கோ கடலுக்கு அந்தப் பக்கத்து மலைச்சரிவு ஒன்று அந்தக் கிளாஸுக்குள்ளிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தது. பார்த்துக்கொண்டே நின்றோம்.

"துணிப்பெட்டியில அந்துருண்டை போட்டா இனி யாரும் குறை சொல்லக் கூடாது," என்று தங்கை அழுதாள். அழாமல் இருந்தால்தான் அதிசயம்.

கப்பல் வந்தது. கம்பெனியில் அவளுக்கு வரிசையாகக் கிளாஸ் வைத்தார்கள். ஒரு நாட்டை மட்டும் மாற்றிச் சொன்னாள், மற்றதெல்லாம் சரி.

மூக்கி இப்போது அதே கம்பெனியில், ஒயினின் நிறம் தெளிவாகத் தெரிய ஜன்னலோரம் போட்ட வெள்ளை மேசையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறாள்.