கடைசியில் அம்மா வந்துவிடுவாள்

போன வருஷம் ஆகஸ்ட் விடுமுறையில், வெள்ளவத்தையில் எங்கள் இரண்டாம் மாடி வீட்டில் தொடங்கிய கதை இது. மகளுக்கு அப்போது பத்து வயது. கணவருக்குக் கட்டாரில் வேலை. வீட்டில் நானும் அவளும்தான். நான் ஒரு படப் பைத்தியம். கறி கருகினாலும் படத்தை நிறுத்த மாட்டேன் என்று கீழ் வீட்டு அன்ரி கேலி செய்வார். பொய்யும் இல்லை.

அணுகுண்டு விழுந்து ஒரு நகரமே அழிந்துபோகும் பழைய ஆங்கிலப் படம் ஒன்று. என் மகளின் வயதில் கொட்டாஞ்சேனையில், பக்கத்து வீட்டில் வீடியோ கசெட் போட்டுப் பார்த்தேன். நகரத்துக்கு வேலைக்குப் போன தாய், வீட்டில் யன்னலோரம் காத்திருக்கும் சிறுமி. கடைசிக் காட்சியில் உடம்பெல்லாம் சாம்பலோடு அந்தத் தாய் படியேறி வந்துவிடுவாள். கொழும்பில் அடிக்கடி குண்டு வெடித்த காலம் அது. புறக்கோட்டைக்கு வேலைக்குப் போகும் அப்பா, போய்ச் சேர்ந்ததும் பக்கத்து வீட்டு ஃபோனை இரண்டு தரம் அடிக்கவிட்டுக் கட் பண்ணுவார். 'சேர்ந்தாச்சு' என்று அர்த்தம். அந்த மணி கேட்கும்வரை அம்மா தேத்தண்ணிகூடக் குடிக்க மாட்டார். பயம் வரும்போதெல்லாம் அந்தப் படத்தின் முடிவைத்தான் நான் மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பேன்.

அதே படத்தைப் புதிதாக எடுத்திருக்கிறார்கள் என்றால் விடுவேனா? மகளையும் பக்கத்தில் இருத்திக்கொண்டு போட்டேன். சின்னப் பிள்ளைக்கு இது ஏன் என்று ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. குண்டு விழும் இடத்தில் அவள் என் கையை இறுக்கிப் பிடித்தாள். "பயப்படாதை, கடைசியில அம்மா வந்திடுவா. நான் பாத்த படம்தானே" என்றேன். ஒரு தரமல்ல, மூன்று நான்கு தரம் சொன்னேன்.

வரவில்லை. புதுப் படத்தில் அந்தத் தாய் வரவே இல்லை. சிறுமி யன்னலோரமே இருக்கிறாள். வெளிச்சம் குறைந்துகொண்டே போய், திரை இருண்டு, பெயர்கள் ஓடத் தொடங்கிவிட்டன.

எனக்கு வந்த ஆத்திரத்தைக் கேட்காதீர்கள். "நல்ல படத்தை நாசமாக்கிப்போட்டாங்கள்!" என்று குசினிக்குள் போய்ப் பாத்திரம் கழுவும்போதும் இயக்குநரைத் திட்டிக்கொண்டே இருந்தேன். மகளின் முகத்தைப் பார்த்தாயா என்று யாராவது கேட்டால், இல்லை, நான் பார்க்கவில்லை.

பள்ளிக்கூடம் தொடங்கி ஒரு கிழமை இருக்கும். நான் கொட்டாஞ்சேனையில் ஓர் அச்சகத்தில் கல்யாண அழைப்பிதழ்கள் வடிவமைக்கிறேன். மகளையும் சில நாள் அங்கே பஸ்ஸில் கூட்டிப் போயிருக்கிறேன். மகள் ரியூஷன் முடிந்து நாலரைக்கு வீட்டுக்கு வந்துவிடுவாள். ஐந்து மணிக்கு நான் பஸ் ஏறியதும் வீட்டு ஃபோனுக்கு ஒரு ரிங் கட் கொடுப்பேன். யுத்தம் முடிந்து இத்தனை வருஷமாகியும் எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் போகவில்லை. மணி அடித்து நின்றதும், அம்மா வருகிறாள் என்று அவள் தன்பாட்டில் பாலைக் குடித்துவிட்டுப் படிக்க இருப்பாள்.

அன்றைக்கு ரிங் கட் போகவில்லை. ஏன் தெரியுமா? பழைய படம் திறமா, புதுப் படம் திறமா என்று மத்தியானம் முழுக்க ஃபோனில் முகம் தெரியாதவர்களோடு சண்டை பிடித்ததில் சார்ஜ் அடியோடு போய்விட்டது. அச்சகத்து ஃபோனில் அடித்திருக்கலாம். பஸ் வந்தது, ஒரு நாள்தானே என்று ஏறிவிட்டேன்.

வெள்ளவத்தையில் இறங்க ஆறேகால். எங்கள் வீட்டு ஒழுங்கை முழுக்கக் கரன்ட் இல்லை. முனையில் இருந்த ட்ரான்ஸ்ஃபோமர் ஐந்தேகால் போல வெடித்ததாம். யன்னல்கள் அதிர, வானம் வரை புகை போனதாம். படிகளில் ஓடினேன். கதவு பூட்டியிருந்தது. திறப்பு வழக்கமான இடத்தில், செருப்புத் தட்டுக்குக் கீழே இருந்தது. உள்ளே கூப்பிட்டுப் பார்த்தேன், சத்தமில்லை. அவளின் சப்பாத்தும் இல்லை.

அலுமாரிக் கதவு திறந்து கிடந்தது. அதற்குள் ஒரு கறுப்புப் பை இருக்கும். பிறப்புச் சான்றிதழ்கள், பாஸ்போர்ட், வீட்டு உறுதிப் பத்திரம் எல்லாம் அதில்தான். கொழும்பில் பல தமிழ்க் குடும்பங்களில் இப்படி ஒரு பை உண்டு. ஓட வேண்டி வந்தால் முதலில் தூக்க வேண்டியது அதை என்று மகளுக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அந்தப் பையைக் காணவில்லை. என் பிள்ளை வீட்டை விட்டே போய்விட்டாள் என்று அப்போதுதான் விளங்கியது. ஐயோ, முருகா!

கீழே இறங்கியதும் அன்ரி மெழுகுதிரியோடு வந்தார். "நானும் குண்டெண்டுதான் பிள்ளை நினைச்சன். கேற்றடிக்கு ஓடிப்போய்ப் பாத்திட்டு வந்தன். அவ மேல இருக்கிறா எண்டெல்லோ இருந்தனான்" என்று அழத் தொடங்கிவிட்டார்.

எங்கள் ஒழுங்கை கடலில் போய் முடியும். கடலுக்கு முன்னால் ரயில் பாதை. கால் ஓடிய திசை அதுதான். தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். மருதானைப் பக்கமிருந்து வந்த ரயில் ஒன்று தடதடவென்று கடந்து போனது. அது போய் முடியும்வரை நான் கண்ணைத் திறக்கவில்லை. பிறகு காலி வீதிக்கு ஓடினேன். கொத்து ரொட்டிக் கடை, பழக் கடை, எல்லாரிடமும் தமிழும் சிங்களமும் கலந்து கேட்டேன். ஒருவரும் காணவில்லை.

ஆட்டோ நிற்கும் இடத்தில் மாளிகாவத்தை ஆட்டோக்காரர் ஒருவர் என் கோலத்தைப் பார்த்துவிட்டு, "பொலிசுக்குப் போவம், ஏறுங்க. சார்ஜர் ஈக்குது, ஃபோனத் தாங்க முதல்ல" என்றார். அந்த நேரம்வரை என் கையிலிருந்த ஃபோன் செத்துக் கிடப்பது எனக்கு நினைவே இல்லை. அது உயிர் பெற எடுத்த இரண்டு மூன்று நிமிஷம் எனக்கு ஒரு யுகம். திரை வந்ததும் ஒன்றன் பின் ஒன்றாகத் தகவல்கள். தெரியாத ஓர் இலக்கத்திலிருந்து ஒன்பது தரம் அழைத்திருந்தார்கள்.

அந்த இலக்கத்தை அழுத்தினேன். சிங்களத்தில் ஒரு பெண் குரல், எடுத்த எடுப்பில் ஏச்சு. என்ன தாய் நீ, ஃபோனை நிறுத்திவிட்டு எங்கே போனாய், பிள்ளை இங்கே கொட்டாஞ்சேனையில் இருக்கிறது என்றது. அந்த ஏச்சைப் போல இனிமையான ஒன்றை நான் என் வாழ்நாளில் கேட்டதில்லை.

ஆட்டோ அங்கே போய்ச் சேரும்போது ஏழரை தாண்டிவிட்டது. பூட்டிய அச்சகத்தின் படியில், கறுப்புப் பையை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு மகள் இருந்தாள். பக்கத்தில், வெறுங்கூடையோடு ஒரு சிங்கள அம்மா. வெள்ளவத்தையில் கீரை விற்றுவிட்டு மட்டக்குளிக்கு வீடு திரும்புகிறவர். பஸ்ஸில் தனியாக ஏறிய பிள்ளை, அம்மாவைத் தேடிப் போகிறேன் என்று சொன்னதும் அவளோடேயே இறங்கிவிட்டார். பணிஸ் வாங்கிக் கொடுத்து, என் இலக்கத்துக்கு அடித்து அடித்துப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் முதலில் மகளுக்கு ஓர் அடி போட்டேன். பிறகுதான் கட்டிப்பிடித்தேன். அந்த அம்மா என் கையைத் தட்டிவிட்டார்.

"ஏனடி வீட்டில இருக்கேல்ல?" என்று கேட்டேன்.

"படத்தில அந்தப் பிள்ளை வீட்டிலயேதானே இருந்தவ. அந்த அம்மா வரவே இல்ல. அதுதான் நான் இருக்கேல்ல" என்றாள். பிறகு மெல்ல, "வருவா எண்டு நீங்கள் சும்மாதானே சொன்னனீங்கள்" என்றாள்.

என்னுடைய அப்பா ஒவ்வொரு நாளும் வந்து சேர்ந்தார். அதனால்தான் எனக்கு அந்தப் பழைய முடிவு உண்மையாகத் தெரிந்தது. அப்பா வராத வீடுகள் அதே கொட்டாஞ்சேனையில் எத்தனை இருந்தன! அந்தப் பிள்ளைகளுக்கு ஆறுதல் சொல்ல என்னிடம் எந்தப் படமும் இருந்ததில்லை.

கீரைக்கார அம்மாவை மட்டக்குளியில் இறக்கிவிட்டு ஆட்டோவில் திரும்பும்போது மகள் கேட்டாள். "அம்மா, உண்மையா ஒருநாள் நீங்கள் வரேல்ல எண்டா நான் என்ன செய்யிறது?" அபசகுனமாகக் கதைக்காதே என்று வாய்வரை வந்ததை விழுங்கினேன். முதலில் கீழ் வீட்டு அன்ரியிடம் போக வேண்டும், அவரின் இலக்கம் இது, சித்தியின் இலக்கம் இது, அப்பாவுக்கு இப்படி அழைக்க வேண்டும், அதுவரை அன்ரி பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் இலக்கங்களைத் திருப்பித் திருப்பிச் சொன்னாள். பம்பலப்பிட்டி வருவதற்குள் என் மடியில் நித்திரையாகிவிட்டாள்.

'அம்மா வருவேன்' என்று எத்தனை தரம் சொல்லியும் கொடுக்க முடியாத நிம்மதியை, 'நான் வராவிட்டாலும் உனக்கு ஆள் இருக்கிறது' என்ற ஒரு சொல் என் பிள்ளைக்குக் கொடுத்தது. அதைச் சொல்லும் தைரியம் ஒரு தாய்க்கு வர அவ்வளவு தூரம் ஓட வேண்டியிருந்ததே என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கண் கலங்குகிறது.