குளத்தோரத்து மூலைப்பாத்தி

எங்கள் வயலுக்குக் கிழக்கே இருக்கும் குளம் தானாக உண்டானதல்ல. முன்பு அது மாரியில் தண்ணீர் தேங்கித் தை பிறந்ததும் காய்ந்துவிடும் ஒரு பள்ளம். வேலணையில் எங்கள் பக்கத்துக் கிணறுகள் உவராகிக்கொண்டு வந்ததால், ஊரவர்கள் கேட்டு, இயந்திரம் விட்டு வெட்டி, சுற்றிவர அணை போட்டார்கள். வெட்டியவர்களுக்கு நானும் தேத்தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இரண்டு மாரி கழிய எங்கள் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்கக்கூடியதாயிற்று. கூடவே பறவைகளும் வந்தன. முன்பு கடற்கரைப் பக்கம் மட்டும் நின்றவை இப்போது குளத்தின் சரிவில் கூட்டமாக இறங்கின. என் கணவர் யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஓட்டுகிறவர். வயல் என் பொறுப்பு. விடிய வயலுக்குப் போனால் முதலில் அவற்றைத்தான் பார்ப்பேன். பார்க்க ஆசையாகத்தான் இருந்தது.

போன கார்த்திகையில் ஒருநாள், குளத்தோரத்து மூலைப்பாத்தியில் இளம்பயிர் வேரோடு கழன்று தண்ணீரில் மிதந்தது. சேறு முழுவதும் பறவைக்கால் அடையாளம்.

அன்று ஊர்காவற்றுறையிலிருந்து மீன் கொண்டுவரும் அக்காவிடம் கேட்டேன்.

“அக்கா, பழைய வலை ஏதும் கிடக்கோ? குளத்துப் பறவையள் பயிரைப் பிடுங்குது.”

“கிடக்கு. அதுகளைப் பிடிக்கப் போறீரோ, மறிக்கப் போறீரோ?”

“மறிக்கத்தான்.”

“வலைக்கு அது தெரியாது, பிள்ளை,” என்றார். ஆனாலும் அடுத்தநாள் கொண்டுவந்து தந்தார். தடி ஊன்றிக் கட்டவும் உதவினார்.

மூன்றாம் நாள் காலை வலையில் ஒன்று சிக்கியிருந்தது. மண்ணிறம், நெடுங்கால், விரலை விட நீளமான அலகு. கத்தரிக்கோலால் வலையை வெட்டி எடுத்தபோது அதன் நெஞ்சு என் உள்ளங்கையில் படபடவென்று அடித்தது. செட்டை வலையில் உரசி இறகு பிய்ந்திருந்தது. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பனையோலைக் கடகத்தால் மூடி வைத்தேன். நெல் போட்டேன், தொடவில்லை. அரிசி போட்டேன்; அதையும் தொடவில்லை. வயல் சேற்றை ஒரு தாச்சிச் சட்டியில் அள்ளி வைத்ததும் அலகை அடிவரை விட்டுப் புழுவை இழுத்துத் தின்றது.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்போ என் பயிரை யார் பிடுங்கியது? அல்லது புழுவுக்குச் சேற்றைக் கிண்டும்போது பயிர் கழன்றதா?

மத்தியானம் கணவர் வந்து அதைக் கைத்தொலைபேசியில் படமெடுத்துத் தேடினார்.

“இது புழுதான் தின்னுமாம்,” என்றார். இன்னும் கீழே வாசித்து, “சில இடத்திலை நெல்லும் தின்னுமாம்,” என்றார்.

“இப்ப நான் எதை நம்புறது?”

“எனக்கெண்டால் சொல்ல ஏலாது. கனதூரத்திலையிருந்து வருகுதாம். குளம் வெட்டாட்டி இஞ்சை இறங்கியிராது.”

குளத்தை வெட்டியது நாங்கள். தண்ணீர் எங்களுக்கென்று நினைத்து வெட்டினோம். அது இறங்கிய இடத்தில் வலை கட்டியதும் நான்தான். அதன்மேல் கோபப்படுவதா, இரங்குவதா என்று தெரியாமல், தாச்சியில் இன்னொரு முறை சேறு அள்ளி வைத்தேன்.

பின்னேரம் அணையில் கொண்டுபோய் விட்டேன். சற்று நின்றது, பிறகு தாழப் பறந்து மற்றவற்றோடு கலந்துவிட்டது. எது அது என்று அடையாளம் காண முடியவில்லை. வலையைக் கழற்றிச் சுருட்டி அக்காவிடம் திருப்பிக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகும் மூலையில் பயிர் கழன்றது, ஆனால் சில நாட்களில் மட்டும். அறுவடையில் அந்தப் பாத்தி இடைக்கிடை பயிரின்றிப் பொக்கையாகவே கிடந்தது. அதே பறவைகள் மேய்ந்த அடுத்த பாத்தியோ எங்கள் வயலிலேயே மிக நன்றாக விளைந்திருந்தது.

இந்த முறை விதைக்கும்போது கணவர் கேட்டார்: “மூலையைச் சும்மா விடப் போறீரோ?”

“இல்லை, விதைக்கிறன்.”

“வலை?”

“கட்டேல்லை.”

“ஏன்?”

கையில் இருந்த நெல்லை மூலைவரை எறிந்துவிட்டு அடுத்த பாத்திக்குப் போனேன்.